அந்தப் படத்தில் இருப்பது யார்?

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் விட்டுவிட முடியாத பெயர் அது. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் தன்னைச் சுற்றி இருந்த மக்களைப் படம் பிடித்தார். எஞ்சிய சில படங்கள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம்.

1877இல் மரியான் நோர்த் என்ற ஆங்கிலேய ஓவியர் அவரைப் பார்க்க வந்தார். கேமரன் அவரையும் படமெடுத்தார். அந்தப் படங்களோடு மரியான் நோர்த்தின் பெயர் இருக்கிறது. அதே கெமராவுக்கு முன்னால் அசையாமல் நின்ற நம் நாட்டு மனிதர்களின் படங்களில், ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்ற மாதிரி ஒரு பொதுச் சொல்தான் பெரும்பாலும் நிற்கிறது. முகம் இருக்கிறது, உடுத்திய சேலையின் மடிப்பு கூடத் தெரிகிறது, பேர் இல்லை.

வெள்ளைக்காரர் எழுதவில்லை, சரி. நாம் எழுதினோமா? எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துப் படம் ஒன்று கிடக்கிறது. ரதி வேசம் கட்டியவர், மன்மதன், பக்கத்தில் தப்போடு இருவர், பின்னால் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். பின்பக்கத்தைத் திருப்பினால் வெறும் தாள். எந்த வருடம், தோட்டத்தின் எந்த டிவிசன், ரதி யார் என்று சொல்லக்கூடியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் இணைய ஆவணகம் என்பதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் செய்து பார்த்ததையும், இதற்குப் புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஆவணகம் என்றால் என்ன?

நூலகத்தில் இருப்பவை அச்சிட்டு வெளிவந்த புத்தகங்கள். ஒரு பிரதி தொலைந்தாலும் வேறெங்காவது இன்னொன்று இருக்கும். அருங்காட்சியகத்தில் இருப்பவை பார்வைக்கு வைத்த பொருள்கள். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். ஆவணகத்தில் சேர்வது வேறு மாதிரிச் சரக்கு. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் கடிதம், கொப்பி, கேசட், போட்டோ, பற்றுச்சீட்டு. அந்த ஒன்று போனால் போனதுதான்.

அதனால் ஆவணகத்துக்கு மூன்று வேலை. பொருளை அழியாமல் வைத்திருக்க வேண்டும். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். தேடி வருபவர் கண்டுபிடிக்கிற மாதிரி அடுக்க வேண்டும். பலரும் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆயிரம் படங்களை ஸ்கேன் செய்து எண்களையே பெயராக வைத்து முகநூலில் ஏற்றினால், ட்ரங்குப் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். விவரம் எழுதாத படம் இணையத்தில் இருந்தாலும் பெட்டிக்குள் இருப்பது போலத்தான்.

இணைய ஆவணகத்தில் கூட்டு என்ற சொல்லும் சேரும்போது இன்னொரு வசதி வருகிறது. ஒருவர் படத்தை ஏற்றுவார், இன்னொருவர் ஊரைச் சொல்வார், மூன்றாமவர் ஆளை அடையாளம் காட்டுவார். தமிழுக்கு இது புதிதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைப் பங்கு போட்டுத் தட்டெழுதிச் சேர்த்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அப்படி ஓர் இழப்பைக் கண்ட நாட்டில்தான் 2005இல் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கியது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை அது இன்று யாரும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் சஞ்சிகைகள் பலவற்றை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

கலையும் கருவியும்

கலை வரலாறு என்றால் கூத்து, பாட்டு, ஓவியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊடகத் தொழில்நுட்ப வரலாறு என்று சொன்னால் நமக்கும் அதற்கும் என்ன என்று தோன்றும். உண்மையில் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு கலை எந்தக் கருவி வழியாக நம்மிடம் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அதில் எது மிஞ்சியது, எது உதிர்ந்தது என்பது அமைகிறது.

நாட்டார் பாடல்களையே எடுத்துக்கொள்வோம். சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து எழுத்தில் வைத்துப் போனார். 1914இல் பிறந்த அவர் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வரிகளில் பல நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் தாள் வரிகளைத்தான் வைத்திருக்கும். இழுத்துப் பாடிய இடம், மூச்சு வாங்கிய இடம், பின்னால் நின்றவள் எடுத்துக் கொடுத்த சொல், இதெல்லாம் தாளில் நிற்காது. தொழிற்சங்கத் தலைவர் கோதண்டராம நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்கள் சிறு நூலாக அச்சில் வந்தன. வரிகள் நம் கையில் இருக்கின்றன. அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

பிறகு கேசட் வந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி, குரலைப் பிடித்து வைக்கும் வசதியை முதல் தடவையாகச் சாதாரணக் குடும்பத்தின் கைக்குக் கொடுத்தது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். காமன் கூத்தோ மாசியில் கம்பம் ஊன்றி நாள்கணக்கில் நடந்து, கடைசி இரவு விடிய விடியப் போகும். அப்படியானால் பதிவு செய்தவர் எங்கே பொத்தானை அமுக்கினார், எங்கே நிறுத்தினார்? பெட்டரி மிச்சம் பிடிக்க எந்தப் பாட்டை விட்டார்? இன்று நமக்குக் கிடைக்கும் கூத்து, அன்றைக்கு ஒரு மனிதர் தேர்ந்தெடுத்த கூத்து. அதனால்தான் ஒலியைச் சேமிக்கும்போது அது எந்த ரெக்கோடரில், எந்த வகை நாடாவில், யாரால் பதிவானது என்றும் எழுதச் சொல்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மலையகத்தில் ஊடகத் தொழில்நுட்பத்துக்கு நீண்ட கதை இருக்கிறது. என்னைக் கேட்டால் தப்பிலிருந்தே தொடங்குவேன். விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பவும், சாவு விழுந்ததைச் சொல்லவும், திருவிழாவுக்குக் கூப்பிடவும் வேறு வேறு அடி. அடியைக் கேட்டே சேதி தெரியும். லயத்திலிருந்து லயத்துக்குச் செய்தி கடத்திய கருவி அது. அதை அடித்தவர்களைத் தாழ்த்தி வைத்த வரலாறும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஆவணகம் அதை மறைக்கக் கூடாது. கொழும்பில் 1925இல் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. தோட்டத்தில் ரேடியோப் பெட்டி வைத்திருந்த வீட்டு இஸ்தோப்பில் ஊரே கூடியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்புறம் திருவிழா ஒலிபெருக்கி, சங்கத்து ரோனியோத் துண்டுப்பிரசுரம், ஊர்ப் போட்டோ ஸ்டூடியோவின் மலைக்காட்சித் திரை, 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி, வாடகைக்கு எடுத்துவந்து இரவெல்லாம் படம் பார்த்த வீடியோ டெக்.

இதில் ஒன்று நம் பிள்ளைகளுக்கே தெரியாது. 1989இல் கொத்மலையில் ஒரு சமூக வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணைய இணைப்பு வந்தது. வீட்டில் கணினி இல்லாத கிராமத்தவர் தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். நிலையத்தார் இணையத்தில் தேடி, கிடைத்த பதிலை ஒலிபரப்பில் விளக்கினார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மக்கள் வந்து இணையத்தைப் பயன்படுத்த இடம் இருந்தது. ஊடக வரலாற்றை ஆராய்பவர்கள் உலகெங்கும் கொத்மலையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் என்றாலும் அது நம் மலையின் கதையும்தான். அந்த நாள்களில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு கொழுந்து பறித்த அம்மாமார் என்ன நினைத்தார்கள் என்று யாராவது போய்க் கேட்டு எழுத வேண்டும்.

நாடாவிலிருந்து கணினிக்கு

சரி, வேலைக்கு வருவோம். எல்லாவற்றிலும் அவசரம் கேசட்டுக்குத்தான். புத்தகம் நூறு வருடம் இருக்கும். நாடா அப்படியில்லை, அதை ஓட்டும் கருவியும் அப்படியில்லை. வீடியோ டெக்கைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வீட்டில் கல்யாண வீடியோ நாடா இருந்தால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

நம் ஊர்க் குளிரும் மூடுபனியும் நாடாவுக்கு எதிரி. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவிய மாதிரி தெரிந்தால், அதை ஓட்டவே ஓட்டாதீர்கள். பூஞ்சணம் பிளேயருக்குள் போய் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும், மூக்கில் ஏறினால் உடம்புக்கும் ஆகாது. அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்கி வைத்து, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். நல்ல நிலையில் இருப்பவற்றை அடுப்புப் புகை படாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நிமிர்த்தி வைக்கலாம். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் யாரும் தவறுதலாக அதன்மேல் பதிவு செய்ய முடியாது. எங்கள் மாமா பதிந்து வைத்திருந்த கூத்தின் பாதியில் திடீரென்று சினிமாப் பாட்டு வரும். அந்தத் தட்டை அன்றைக்கே உடைத்திருந்தால் மன்மதன் எரியும் கட்டம் முழுதாகக் கிடைத்திருக்கும்.

ஓட்டுவதற்கு முன் நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழுதாகச் சுற்றி, மறுபடி பழைய நிலைக்குச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடக்கும் சுருள் தளரும். பிளேயரின் தலைப்பகுதியைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைக்க வேண்டும். பிளேயர் ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்துப் பதிவு செய்வதைப் பலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கூத்தோடு பக்கத்து வீட்டுச் சேவலும் பதிவாகும். வயர் மூலம் பிளேயரிலிருந்து நேராகக் கணினிக்குக் கொடுங்கள். ஒடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அதில் பதியலாம்.

எந்த வடிவத்தில் சேமிப்பது? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். எம்பி3 சின்னதாக இருப்பதற்குக் காரணம், நம் காதுக்கு முக்கியமில்லை என்று மென்பொருள் நினைக்கும் ஒலிகளை அது எறிந்துவிடுவதுதான். கேட்பதற்கு அது போதும், பாதுகாப்பதற்குப் போதாது. மூலப் பிரதிக்கு வேவ் என்ற வடிவம், நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 24 பிட். ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி வரும். அதிலிருந்து 60 எம்பிக்குள் ஓர் எம்பி3 எடுத்து இணையத்தில் கேட்க வைக்கலாம். மூலப் பிரதியில் இரைச்சலை நீக்க வேண்டாம். இன்று இரைச்சல் என்று நாம் வெட்டுவது தூரத்தில் கேட்கும் தேயிலைத் தொழிற்சாலையின், அதாவது ஸ்டோரின், சங்காக இருக்கலாம், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக இருக்கலாம்.

போட்டோவுக்கு இவ்வளவு சிரமமில்லை. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், அதாவது 600 டிபிஐயில், ஸ்கேன் செய்து டிஃப் என்ற கோப்பு வடிவில் வையுங்கள். அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்று 25 எம்பிக்கு மேல் வரும். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கொப்பிக்கு 300 டிபிஐ போதும்.

இன்னொரு விசயம் இலங்கைத் தமிழருக்கே உரியது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன் நம் கணினி நிலையங்களில் தட்டியது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா என்ற சொல்கூட ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாகச் சிதறித் தெரியும். தேடினால் அகப்படாது. பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய விழா மலர்களின் கோப்புகள் யாரிடமாவது இருந்தால் எறியாமல் மாற்றி வையுங்கள்.

பேர் எழுதுவது

ஒரு பொருளைப் பற்றி எழுதும் குறிப்பைத் துறை சார்ந்தவர்கள் மீதரவு என்பார்கள். நாம் விவரக் குறிப்பு என்றே சொல்வோம். 1995இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டப்ளின் என்ற ஊரில் கூடிப் பேசியவர்கள் இதற்கு ஒரு பொது ஒழுங்கை உருவாக்கத் தொடங்கினார்கள். தலைப்பு, உருவாக்கியவர், காலம், இடம், மொழி, உரிமை என்று 15 புலங்கள் கொண்டது டப்ளின் கோர். உலகின் பல ஆவணகங்கள் அதையே பின்பற்றுவதால் நாமும் அதைப் பின்பற்றினால் நம் பொருள் பிற இடங்களிலிருந்து தேடினாலும் கிடைக்கும். எங்கள் வீட்டுக் கேசட்டுக்கு நான் எழுதியது இது:

தலைப்பு: காமன் கூத்து, இரவுப் பதிவு, பக்கம் 1.
பதிந்தவர்: என் தாய்மாமன்.
பாடியவர்கள்: தெரியவில்லை, ஒருவர் கூத்து வாத்தியார் என்று அம்மா சொல்கிறார்.
காலம்: 1980களின் தொடக்கம், மாசி, அக்காவின் வயதை வைத்துக் கணித்தது.
கருவி: பெட்டரியில் ஓடும் ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கோடர், அறுபது நிமிட நாடா.
குறிப்பு: 17ஆவது நிமிடத்தில் வேறு பதிவு மேலே ஏறியுள்ளது.

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவது இங்கே மிக முக்கியம். ஊகத்தை உண்மை போல எழுதினால் அதை நான்கு பேர் எடுத்து எழுதுவார்கள், பிறகு யாராலும் திருத்த முடியாது. யார் சொன்னது, எதை வைத்துக் கணித்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

ஊர்ப் பெயரில் நமக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஹட்டன் என்று ஒருவர் எழுதுவார், அட்டன் என்று இன்னொருவர், ஹற்றன் என்று வேறொருவர். தோட்டங்களுக்கோ இங்கிலீசுப் பெயர் ஒன்று, நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் இன்னொன்று, டிவிசனுக்கு வேறொன்று. ஆவணகத்தில் ஒரே இடத்துக்கு ஒரு பக்கம் வைத்து, எந்தப் பெயரில் தேடினாலும் அங்கே வந்து சேர்கிற மாதிரி செய்ய வேண்டும். இடமே இல்லாமல் போன ஊர்களும் உண்டு. மவுஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது கோயில் தலைகாட்டும். அந்த நகரத்தின் கடைத்தெருவில் எடுத்த ஒரு படத்துக்கு வெறுமனே மஸ்கெலியா என்று எழுதினால் இன்றைய ஊரென்று நினைத்துவிடுவார்கள்.

மலையகத்துக்கு ஆவணகம் ஏன் இணையத்தில், ஏன் பலர் சேர்ந்து செய்வதாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களைக் கேட்டுச் செய்த முடிவல்ல. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் ட்ரங்குப் பெட்டியில் என்ன கொண்டுபோயிருப்பார்கள்? போட்டோக்களைக் கொண்டுபோனார்கள். ஒரே கூத்துக் குழுவில் மன்மதன் இங்கே நின்றுவிட்டார், ரதி கட்டியவர் நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பேர் தெரிந்தவர் கோத்தகிரியில், படம் தலவாக்கலையில். இந்த இரண்டையும் ஒன்று சேர்க்கக்கூடிய இடம் எந்த ஊரிலும் இல்லை, இணையத்தில்தான் கட்ட முடியும்.

எங்கே கட்டுவது?

புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் இதற்கு விடை எளிது. ஆரம்பத்திலேயே சொந்தமாக எதுவும் கட்ட வேண்டாம். புத்தகம், சஞ்சிகை, துண்டுப்பிரசுரம் என்றால் நூலகத்தோடு தொடர்பு கொள்ளுங்கள். படம், ஒலி, வாய்மொழி வரலாறு போன்றவற்றுக்கு அவர்களே ஆவணகம் என்ற பெயரில் தனித்தளம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று தீர்மானித்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். தனித்தளம்தான் வேண்டுமென்றால் ஒமேக்கா போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பலர் சேர்ந்து எழுத விக்கி மென்பொருள் நல்லது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு அதில் தானாகவே பதிவாகும், தவறு நடந்தால் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

கலையையும் ஊடகத் தொழில்நுட்பத்தையும் ஒன்றாக வைத்து விக்கியில் எழுதுவதற்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி மொனோஸ்கோப். 2004இல் ஸ்லோவாக்கியரான துசான் பரோக் தொடங்கியது. மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் ஊடகக் கலை வரலாற்றைத் திரட்டுவதில் தொடங்கி, இன்று உலகெங்குமுள்ள கலை, ஊடகம் பற்றிய பெரும் களஞ்சியமாக வளர்ந்திருக்கிறது. ஓர் ஆளின் பக்கத்திலிருந்து அவர் இருந்த நகரத்துக்கு, நகரத்திலிருந்து அங்கே நடந்த கண்காட்சிக்கு, அதிலிருந்து இதழுக்கு என்று இணைப்புகள் போய்க்கொண்டே இருக்கும். நம்மிடமும் இப்படிச் செய்யலாம். கூத்து வாத்தியாரின் பக்கத்திலிருந்து தோட்டத்தின் பக்கத்துக்கு, அங்கிருந்து அவர் பாடிய கேசட்டுக்கு, அங்கிருந்து அந்த ரெக்கோடரின் படத்துக்கு. ஒரு பக்கத்தில் தெரியாதது அடுத்த பக்கத்தில் தெரியவரும்.

கேட்டு எடுப்பது

எங்கள் தோட்டத்தில் ஒரு தடவை விழா மலர் போடுகிறோம் என்று சொல்லி வீடு வீடாகப் படம் வாங்கிப் போனார்கள். மலர் வந்தது, படங்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மாயி யாருக்கும் பெட்டியைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆவண வேலைக்குப் போகிறவர் ஸ்கேனரையும் மடிக்கணினியையும் வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். அவர்கள் கண் முன்னாலேயே படம் பிடித்து, பொருளை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்து, பிரதி ஒன்றையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் அடுத்த வீட்டுக் கதவு தானாகத் திறக்கும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டுகள் நீடிக்கும். படம் நம் பெட்டியில் இருப்பதால் உரிமையும் நமதென்று ஆகாது. எழுத்தாளர்களிடமும் ஸ்டூடியோக்காரர்களிடமும் கேட்டு, பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றில் சம்மதம் எழுதி வாங்கினால் பின்னால் பிரச்சினை வராது.

சட்டம் தொடாத இடங்களும் இருக்கின்றன. சாவு வீட்டில் பதிந்த ஒப்பாரி ஒன்று கையில் இருக்கிறதென்று வையுங்கள். கலை வரலாற்றுக்கு அது பொக்கிசம். பாடிய பெண்ணுக்கு அது தன் பிள்ளையை இழந்த நாள். அதை உலகம் முழுக்கத் திறந்து வைக்கலாமா என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவின் வருமுங்கு பழங்குடியினரோடு சேர்ந்து உருவான முக்குர்டு என்ற மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. குடும்பத்தார் மட்டும் பார்க்கலாம், ஊரார் மட்டும் பார்க்கலாம், எல்லோரும் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே தீர்மானிக்கலாம். எல்லாம் எல்லோருக்கும் என்ற கொள்கையை நான் ஒரு காலத்தில் முழுதாக நம்பினேன். இப்போது கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.

பத்திரமாக வைப்பது

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களே போன இடத்தில் படத்தைப் பற்றிப் பேசுவது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் மிஞ்சியவர்களுக்குப் போனவர்களின் முகத்தைக் காட்ட ஒரு படமாவது வேறெங்காவது இருந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக்காரர்களின் பொது விதி. மலையில் இருக்கும் நாம் அந்த வேறு ஊரை மலைக்கு வெளியே வைப்போம். கொழும்போ யாழ்ப்பாணமோ திருச்சியோ எதுவானாலும் சரி.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அது கெடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மலையில் நிறுத்த கொழுந்தை ஸ்டோரில் மறுபடி நிறுத்துப் பார்ப்பது போல, ஒவ்வொரு கோப்புக்கும் கணினியால் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட முடியும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வருடத்துக்கு ஒரு முறை எல்லா எண்களையும் ஒப்பிட்டால் எந்த ஹார்ட் டிஸ்க் கெடத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் காமன் கூத்துப் படத்தைப் போன வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். மூன்று நாள் கழித்துக் கூடலூரிலிருந்து பெரியம்மாவின் குரல்பதிவு வந்தது. “தம்பி, ரதி கட்டியிருக்கிறது என் சின்ன மச்சான்யா. பக்கத்துல தப்பு வச்சிருக்கிறவர் மேட்டு லயத்து அண்ணன். அந்த வருசம் மழை விடவே இல்ல, சாக்கைப் போட்டுக்கிட்டுத்தான் ஆடுனாங்க.” படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் தலையில் கொங்காணி மடித்த சாக்கு. இவ்வளவு நாளும் அதை நான் நிழல் என்று நினைத்திருந்தேன். குரல்பதிவையும் வேறாகச் சேமித்து, அந்தப் படத்தோடு இணைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கிறீர்கள் என்றால், வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் பேர் எழுதலாம். பேனா மை வருடங்கள் போனால் முன்பக்கம் ஊறி வரும். கலர்ப் படங்களின் வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அவற்றைத் தனித்தனி உறையில் போட்டு, படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே உறைமேல் எழுதிவிடுங்கள்.